எத்தனை மணிக்கொரு தடவை டயபர் மாற்றுவீர்கள்?

காப்பகத்தில் குழந்தையைச் சேர்க்க வரும் பெற்றோர் நிறையக் கேட்பார்கள். கேமரா இருக்கிறதா, மதியம் என்ன சாப்பாடு, தூங்க வைப்பது தொட்டிலிலா மெத்தையிலா, ஏசி உண்டா, இங்கிலீஷில் பேசுவீர்களா. எல்லாம் கேட்டு முடித்துக் கிளம்பும் நேரத்தில்தான், கொஞ்சம் தயக்கத்தோடு, அந்தக் கடைசிக் கேள்வி வரும்: “டயபரெல்லாம் எத்தனை மணி நேரத்துக்கு ஒருக்கா மாத்துவீங்க?”

கோவையில் ஒரு காப்பகத்தில் இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளின் அறையைக் கவனித்துக்கொள்கிறேன். என்னைக் கேட்டால் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே இதுதான். வாய் திறந்து சொல்லத் தெரியாத குழந்தையைக் காலையில் விட்டுவிட்டுச் சாயங்காலம்தான் அழைத்துப் போகிறோம். அந்த நேரத்தில் வேற்று மனிதர் ஒருவர் நம் குழந்தையின் உடம்பைத் தொடுவது பெரும்பாலும் இந்த வேலைக்காகத்தான். ஓர் இடத்தில் குழந்தையை எப்படி நடத்துகிறார்கள் என்று தெரிய வேண்டுமானால், சுவரில் வரைந்த யானையையும் வண்ணத்துப்பூச்சியையும் விட்டுவிட்டு, டயபர் மாற்றும் மூலையைத்தான் பார்க்க வேண்டும்.

கேள்விக்குப் பல இடங்களில் கிடைக்கிற பதில், “மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா கரெக்டா மாத்திடுவோம்” என்பது. சுவரில் அட்டவணைகூட ஒட்டியிருப்பார்கள்: பத்து, ஒன்று, நான்கு. பெற்றோருக்கு அதைப் பார்த்ததும் நிம்மதி. எனக்கு அந்த அட்டவணையைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். பத்து மணிக்கு மாற்றிய குழந்தை பத்தே காலுக்கு ஆய் போனால் என்ன ஆகும்? அட்டவணைப்படி அடுத்த முறை ஒரு மணிக்கு. நல்ல மனசுள்ள ஆயா கண்ணில் பட்டால் உடனே மாற்றிவிடுவார். படாவிட்டால் அந்தக் குழந்தை அதிலேயே உட்கார்ந்து விளையாடும், அதிலேயே தவழும், சாப்பாடும் அதிலேயே உட்கார்ந்து சாப்பிடும்.

அமெரிக்காவில் குழந்தை மருத்துவர்களின் கழகமும் பொதுச் சுகாதாரச் சங்கமும் சேர்ந்து, காப்பகங்கள் எப்படி நடக்க வேண்டும் என்று ஒரு வழிகாட்டி நூல் போட்டிருக்கிறார்கள். முதல் பதிப்பு 1992-இல் வந்தது. அதற்குப் பிறகும் புதுப்பித்துக்கொண்டே வருகிறார்கள். டயபர் பற்றி அதில் சொல்லியிருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். இத்தனை மணிக்கு மாற்று என்று அதில் இல்லை. பார்ப்பதற்குத்தான் கணக்கு வைத்திருக்கிறார்கள். மணிக்கொரு தடவையாவது ஈரமா, ஆய் போயிருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது கண்ணாலேயே பார்த்துவிட வேண்டும். நடுவில் குழந்தை நெளிந்தாலோ சிணுங்கினாலோ அப்போதும் பார்க்க வேண்டும். நனைந்திருந்தால், அழுக்காகியிருந்தால், மாற்ற வேண்டும். அவ்வளவுதான்.

கண்ணால் பார்க்க வேண்டும் என்று தனியாகச் சொல்லியிருப்பதற்குக் காரணம் இருக்கிறது. துணி கட்டிய காலத்தில் இந்தப் பேச்சே தேவைப்படவில்லை. குழந்தை ஒன்றுக்குப் போன அடுத்த நிமிடம் துணி நனையும், பாய் நனையும், தூக்கி வைத்திருந்தால் நம் புடவை நனையும். மாற்றாமல் இருக்கவே முடியாது. இன்றைய டயபருக்குள் சோடியம் பாலி அக்ரிலேட் என்ற பொடி இருக்கிறது. தன் எடையைப் போலப் பல மடங்கு நீரை இழுத்துக் கூழாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் மூன்று தடவை ஒன்றுக்குப் போன பிறகும் மேலே தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரிதான் இருக்கும். சில டயபர்களில் முன்பக்கம் ஒரு மஞ்சள் கோடு உண்டு, ஈரம் பட்டால் நீலமாகும். உதவிதான், ஆனால் அந்தக் கோடு ஈரம் பட்டதை மட்டும் சொல்லும். எவ்வளவு ஈரம், எப்போதிருந்து என்பதெல்லாம் தெரியாது. ஆய் போயிருப்பது அதில் தெரியவும் வேண்டியதில்லை. மூக்கை மட்டும் நம்புவதும் சரிப்படாது. பத்துக் குழந்தைகள் இருக்கும் அறையில் வாடை யாருடையது என்று சொல்ல முடியாது. இடுப்புப் பட்டையைக் கொஞ்சம் விலக்கி உள்ளே பார்த்தால்தான் உண்டு.

பாக்கெட்டின் மேலே “12 மணி நேரம்” என்று பெரிதாகப் போட்டிருக்கிறதே என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அந்தப் பன்னிரண்டு மணி நேரம், டயபர் எவ்வளவு நேரம் கசியாமல் தாங்கும் என்கிற பேச்சு. மெத்தைக்கும் சட்டைக்கும் கொடுக்கிற உத்தரவாதம் அது. குழந்தையின் தோல் எவ்வளவு நேரம் தாங்கும் என்பது அதில் வராது. ராத்திரித் தூக்கத்தில் கொஞ்சம் நீண்ட நேரம் விடுவது வேறு. பகலெல்லாம் குடித்து, தின்று, தவழ்ந்து, உட்கார்ந்து தேய்க்கிற குழந்தை வேறு.

தோலில் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது தெரிந்துவிட்டால் அப்புறம் அட்டவணையே தேவைப்படாது. நம் தோலின் மேல்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது. அதுதான் அதற்குக் காவல். நீண்ட நேரம் ஈரத்தில் இருந்தால் தோல் ஊறி மெலிந்துபோகும். ஊறிய தோலில் டயபரின் ஓரம் உரசினாலே சிவந்துவிடும். இது முதல் கட்டம். ஆய் வந்து கலக்கும்போது கதை மாறிவிடுகிறது. மலத்தில் இருக்கும் பாக்டீரியாக்கள் சிறுநீரில் உள்ள யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்குகின்றன. அம்மோனியா வந்ததும் தோலின் அமிலத்தன்மை போய்க் காரத்தன்மை ஏறுகிறது. மலத்தோடு வருகிற செரிமான நொதிகளுக்கு அந்தக் காரத்தன்மை வந்தால்தான் வேகம் பிடிக்கும். சாப்பாட்டிலுள்ள புரதத்தையும் கொழுப்பையும் கரைக்க வேண்டிய அந்த நொதிகள் தோலையே அரிக்க ஆரம்பிக்கின்றன. சிறுநீர் தனியாக இருந்தால் ஒரு பங்கு கெடுதல், மலத்தோடு சேர்ந்தால் பல பங்கு. வயிற்றுப்போக்கு நாட்களில் ஒரே மதியத்தில் குழந்தையின் பின்புறம் செக்கச் செவேலென்று ஆகிவிடுவதற்கு இதுதான் காரணம்.

அதனால் எங்கள் அறையில் ஆய்க்கு மணிக்கணக்கே கிடையாது. பார்த்த நிமிடம் மாற்ற வேண்டும். தூங்குகிற குழந்தையாக இருந்தாலும் சரி. ஒன்றுக்கு மட்டும் போயிருந்து, தோலில் சிவப்பும் இல்லாமல், நன்றாகத் தூங்கினால் எழுப்ப மாட்டோம். தூங்க வைப்பதற்கு முன்னால் புதிதாக ஒன்று போட்டிருப்போம், கண் விழித்ததும் முதல் வேலை மாற்றுவதுதான். விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கொரு தடவை பார்ப்பது. பால், சாப்பாடு ஆனதும் ஒரு தடவை பார்ப்பது. இப்படிப் பார்த்துக்கொண்டே போனால் மாற்றுவது தானாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்பதை ஒட்டி வந்து நிற்கும். சிறு கைக்குழந்தை என்றால் அதைவிடச் சீக்கிரம். பிறந்து சில வாரமே ஆன குழந்தை நாளுக்கு இருபது தடவைகூட ஒன்றுக்குப் போகும்; வளர வளர இது குறையும்.

இதெல்லாம் கேட்க எளிது. செய்ய ஆள் வேண்டும். இந்த விஷயத்தில் என் மனசில் கிடக்கும் பெரிய ஆதங்கம் இதுதான்.

ஒழுங்காக ஒரு டயபர் மாற்ற, கை கழுவுவது, விரிப்பைத் துடைப்பது எல்லாம் சேர்த்து ஐந்தாறு நிமிடம் ஆகும். ஓர் ஆயாவிடம் எட்டுக் குழந்தைகளை விட்டால் ஒரு சுற்று வரவே முக்கால் மணி நேரம். முடித்து நிமிர்ந்தால் முதல் குழந்தைக்கு மறுபடி நேரமாகியிருக்கும். அதற்கு நடுவில் பால் கொடுக்க வேண்டும், ஒருவனை இன்னொருவன் கடிக்காமல் பார்க்க வேண்டும், அழுகிறவளைத் தூக்க வேண்டும். அந்த ஆயா என்னதான் செய்வார்? மூன்று மணி நேர அட்டவணைக்குள் ஒதுங்கிக்கொள்வார். அவரைக் குறை சொல்வதில் அர்த்தமே இல்லை. இங்கிலாந்தில் இரண்டு வயதுக்குக் கீழே மூன்று குழந்தைகளுக்கு ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. நான் முன்னால் சொன்ன அமெரிக்க வழிகாட்டியிலும் ஒரு வயது வரை அதே கணக்குதான். மூன்று குழந்தைகள் என்றால் ஒரு சுற்றுக்குக் கால் மணி நேரம். மீதி முக்கால் மணி நேரம் மற்ற வேலைக்குக் கிடைக்கும். மணிக்கொரு தடவை பார்ப்பது என்பது அப்போதுதான் நடக்கிற காரியம். ஆகவே “எத்தனை மணி நேரத்துக்கு ஒருக்கா” என்று கேட்கும் பெற்றோர், கையோடு “ஒரு ஆயாவுக்கு எத்தனை குழந்தைங்க” என்றும் கேட்டுவிட வேண்டும். இரண்டாவது பதில்தான் முதல் பதில் உண்மையா என்று காட்டும்.

அப்புறம் சம்பளம். ஒன்றுக்கும் ஆய்க்கும் கை வைக்கிற வேலை என்பதாலேயே அதைக் கடைசி வேலையாக நினைக்கிற புத்தி நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. ரைம்ஸ் சொல்லிக்கொடுப்பவர் ‘மிஸ்’, டயபர் மாற்றுபவர் ‘ஆயா’. மாதக் கடைசியில் கவரின் கனத்திலும் அந்த வித்தியாசம் தெரியும். ஒன்பது மாதக் குழந்தைக்கு ரைம்ஸ் தெரியாது. தன் காலைத் தூக்குகிற கை முரட்டுத்தனமானதா, பதமானதா என்று நன்றாகத் தெரியும்.

எங்கள் அறையில் ஒரு மூத்த அக்கா இருக்கிறார். அவர் மாற்றுவதைப் பார்த்துத்தான் புதிதாக வருகிறவர்களைப் பழகச் சொல்வேன். முதலில் தேவையானதெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் எடுத்து வைத்துக்கொள்வார்: புது டயபர், வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சு, காய்ந்த மெல்லிய துணி, அந்தக் குழந்தையின் பெயர் எழுதிய கிரீம், பழையதைச் சுருட்ட ஒரு காகிதம். பிறகுதான் குழந்தையிடம் போவார். பின்னாலிருந்து திடீரென்று தூக்க மாட்டார். முன்னால் வந்து உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டி, “சாமி, டயபர் மாத்திக்கலாமா? வர்றியா?” என்பார். குழந்தை கையை நீட்டும்வரை ஒரு நொடி காத்திருப்பார். படுக்க வைத்த பிறகு ஒரு கை எப்போதும் குழந்தையின் வயிற்றின் மேலேயே இருக்கும். எதற்காகவும் எடுக்க மாட்டார். பழையதைக் கழற்றியதும் அதன் சுத்தமான முன்பக்கத்தாலேயே முதலில் ஒரு தடவை வழித்து மடித்துவிடுவார். பிறகு பஞ்சு, முன்னாலிருந்து பின்னால். பெண் குழந்தைகளுக்கு இது கட்டாயம், பின்னாலிருந்து முன்னால் துடைத்தால் சிறுநீர்ப் பாதையில் தொற்று வரலாம். தொடை மடிப்புகளை விரித்து அங்கே ஈரம் தங்காமல் ஒற்றி எடுப்பார், தேய்க்கவே மாட்டார். ஒரு நிமிடம் காற்றாட விடுவார். அந்த ஒரு நிமிடம்தான் குழந்தைக்குக் கொண்டாட்டம், இரண்டு காலையும் தூக்கித் தூக்கி அடிக்கும். “இந்தக் காலு குடு... இப்ப அந்தக் காலு” என்று அவர் கேட்டு வாங்கிப் புதியதைப் போடுவார். சில மாதம் பழகிய குழந்தை, அவர் சொன்னதும் இடுப்பைத் தானே தூக்கிக் கொடுக்கும்.

ஹங்கேரியில் எம்மி பிக்லர் என்று ஒரு குழந்தை மருத்துவர் இருந்தார். 1946-இல் புடாபெஸ்ட் நகரின் லோட்ஸி தெருவில் ஆதரவற்ற கைக்குழந்தைகளுக்கு ஓர் இல்லம் தொடங்கினார். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, உடை மாற்றுவது இவற்றையெல்லாம் அவசரமாக முடித்துத் தள்ள வேண்டிய வேலைகளாக அவர் பார்க்கவில்லை. ஒரு பெரியவரின் முழுக் கவனமும் ஒரு குழந்தைக்கு மட்டும் கிடைக்கிற நேரம் அதுதான், அதில் அவசரப்படக் கூடாது என்று பணிப்பெண்களைப் பழக்கினார். செய்யப்போவதைச் சொல்லிவிட்டுச் செய், குழந்தை சேர்ந்து செய்யக் காத்திரு என்பது அங்கே வழக்கம். எங்கள் அக்கா பிக்லரைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை. தம்பி தங்கைகளையும் அக்கா பிள்ளைகளையும் வளர்த்துப் பழகிய கை அது.

மாற்றி முடித்ததும் குழந்தையின் கையையும் கழுவிவிடுவார். இதைப் பல இடங்களில் விட்டுவிடுகிறார்கள். மாற்றும்போது குழந்தையின் கை எங்கெல்லாம் போகிறது என்று கவனித்தால் ஏன் கழுவ வேண்டும் என்று புரியும். ஒரு குழந்தைக்கு வந்த வயிற்றுப்போக்கு இரண்டு நாளில் அறை முழுக்கப் பரவுவது பெரும்பாலும் கை வழியாகத்தான். ரப்பர் விரிப்பைக் குழந்தைக்குக் குழந்தை துடைக்க வேண்டும். குழாயும் சோப்பும் மாற்றும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பாத்திரம் கழுவும் தொட்டி வேறாக இருக்க வேண்டும். கையுறை போட்டாலும் கை கழுவத்தான் வேண்டும்.

பவுடர் பற்றி ஒரு வார்த்தை. இடுப்புக்குக் கீழே வெள்ளையாகப் பூசி அனுப்புகிற வீடுகள் இன்னும் நிறைய இருக்கின்றன. பாட்டிகளின் பாசம் அது, எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தத் தூள் மூச்சோடு உள்ளே போனால் குழந்தையின் நுரையீரலுக்குக் கெடுதல். மடிப்பில் ஈரத்தோடு சேர்ந்து கட்டியாகி உரசவும் செய்யும். வேண்டாம். சிவப்பு தெரிந்தால் துத்தநாக ஆக்ஸைடு கலந்த கிரீம், இல்லாவிட்டால் சாதாரண வாசலின் போதும், ஈரம் தோலில் படாமல் ஒரு திரை போல நிற்கும். இரண்டு மூன்று நாளில் தணியாமல், மடிப்புக்குள்ளும் சிவந்து, சுற்றிலும் சின்னச் சின்னப் பொரிகளாகத் தெரிந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம். ஆன்டிபயாடிக் கொடுத்த வாரங்களில் இது அதிகம் வரும். அதற்கு மருத்துவர்தான் மருந்து தர வேண்டும். போன தடவை வாங்கிய ஏதோ ஒரு களிம்பைத் தடவக் கூடாது.

திங்கள்கிழமை காலையில் புண்ணோடு வரும் குழந்தைகள் உண்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் புண்ணோடு வீட்டுக்குப் போகும் குழந்தைகளும் உண்டு. வீட்டார் காப்பகத்தைச் சொல்வார்கள், காப்பகம் வீட்டைச் சொல்லும். இந்தச் சண்டைக்கு நான் கண்ட ஒரே தீர்வு நோட்டு. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பக்கம். பார்த்த நேரம், ஈரமா, ஆய் போயிருந்ததா, தோல் எப்படி இருந்தது, யார் மாற்றினார். காலையில் வந்ததும் அம்மாவை நிற்க வைத்துக்கொண்டே ஒரு தடவை பார்த்து எழுதிவிடுவோம். யாரையும் பிடிப்பதற்கில்லை, இரண்டு பக்கமும் ஒரே குழந்தையைப் பற்றிப் பேசுவதற்காக.

அந்த நோட்டுக்கு இன்னொரு பெரிய பயன் இருக்கிறது. கோடையில், வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருக்கும்போது, ஆறு மணி நேரமாக ஒன்றுக்கே போகவில்லை என்று அந்தப் பக்கம் சொல்லும். உடம்பில் நீர் வற்றுகிறது என்பதற்கு அது தெளிவான அடையாளம். வாய் உலர்வதற்கும் கண் குழிவதற்கும் காத்திருக்காமல் பெற்றோருக்குப் போன் போட்டுவிடலாம். மூன்று மணிக்கொரு தடவை பார்க்காமலே மாற்றித் தூக்கிப் போடுகிற இடத்தில் இது யாருக்கும் தெரிய வராது.

டயபர் வேண்டாம், துணியே கட்டுங்கள் என்று சில பாட்டிகள் கேட்பார்கள். கட்டலாம், நனைந்தது உடனே தெரியும் என்பது பெரிய நன்மை. ஆனால் நனைந்த உடனே மாற்ற ஆளும், துவைத்து வெயிலில் உலர்த்த இடமும் வேண்டும். பால் குடித்ததும் காலின் மேல் உட்கார வைத்து “ஸ்ஸ்ஸ்” என்று ஒலி எழுப்பி ஒன்றுக்குப் போக வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டே, அதை எங்கள் அக்கா இன்றும் செய்வார். நிறைய நாள் பலிக்கும். அதற்கும் நேரம் வேண்டும், மறுபடியும் அதே ஆள் கணக்கில்தான் வந்து நிற்கிறோம்.

சட்டத்தில் இதெல்லாம் இல்லாமல் இல்லை. 1948-இன் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே, பெண் தொழிலாளர்களின் குழந்தைகளுக்குத் துணி துவைக்கவும் மாற்றவும் வசதி செய்து தரும்படி விதி வகுக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். பஞ்சாலைகள் நிறைந்த எங்கள் ஊரில் அதன் அருமை தெரியும். 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோது, ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை வந்து குழந்தையைப் பார்க்கலாம் என்றார்கள். அந்த நான்கு முறையை உரிமையோடு பயன்படுத்துங்கள். சொல்லாமல் கொள்ளாமல் வருகிற அம்மாவைப் பார்த்து முகம் சுளிக்கிற காப்பகத்தில் குழந்தையை விடாதீர்கள்.

பெற்றோர் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். நாள் முழுக்க இருக்கும் குழந்தைக்கு இரண்டே டயபர் வைத்து அனுப்பினால் எங்களால் என்ன செய்ய முடியும்? டயபர் விலை எனக்கும் தெரியும். இரண்டுதான் இருக்கிறது என்றால், லேசாகத்தானே நனைந்திருக்கிறது, இன்னும் கொஞ்ச நேரம் போகட்டும் என்று ஆயாவின் கை தயங்கும். மாதத்துக்கு ஒரு பாக்கெட்டாகக் காப்பகத்திலேயே கொடுத்து வைத்துவிட்டால் அந்தத் தயக்கம் இருக்காது. பையில் அனுப்புவதாக இருந்தால் எட்டு மணி நேரத்துக்குக் குறைந்தது ஐந்து வேண்டும், வயிறு சரியில்லாத நாளில் இன்னும் மூன்று. மாற்றுத் துணி இரண்டு செட். கிரீம் டப்பாவின் மேல் பெயரை எழுதிவிடுங்கள், எந்த கிரீமுக்காவது ஒவ்வாமை இருந்தால் அதையும் வாயால் சொல்லாமல் எழுதியே கொடுங்கள். காலையில் வாங்கி வைக்கிறவர் ஒருவராகவும் மதியம் மாற்றுகிறவர் இன்னொருவராகவும் இருப்பார்.